கணினிகளுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்க எந்த கிளவுட் சேவை?

இலவச இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். கூகுள் டிரைவ் 15 ஜிபி தருகிறது. ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் அதே இடத்தில்தான் சேரும். ஒன்டிரைவில் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபிதான்.

அப்படியிருந்தும் வேலைக்கோப்புகளுக்கு நான் டிராப்பாக்ஸையே வைத்திருக்கிறேன். பெரிய கோப்பில் சின்னதாக ஏதாவது மாற்றினால், முழுவதையும் மறுபடி ஏற்றாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். இணையம் மெதுவாக இருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்திலும் ஓடும், கூகுள் டிரைவுக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ செயலி கிடையாது. குறை என்றால், இலவசக் கணக்கில் 3 சாதனங்களுக்கு மேல் இணைக்க முடியாது.

எந்தச் சேவையானாலும் ஒரு பழக்கம் வேண்டும். ஒருமுறை ஒரே விரிதாளை இரண்டு கணினியிலும் திறந்து வைத்துத் திருத்திவிட்டேன். இரண்டு பிரதிகள் உருவாகி, வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்ப்பதிலேயே ஒரு மாலை போனது. இப்போதெல்லாம் கோப்பை மூடி, திரையின் மூலையில் ஒத்திசைவு முடிந்ததைப் பார்த்த பிறகே கணினியை அணைக்கிறேன்.

அப்புறம், ஒரு கணினியில் அழித்தால் மற்றதிலும் அழியும். முக்கியமானவற்றுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் தனிப் பிரதி கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.