கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் எடுத்தவுடன் செய்யக் கூடாதவை

பார்த்துப் பார்த்துச் சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது, விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை காட்டுகிறது, கேம் பாதியில் மூடிக்கொள்கிறது என்று கேபினட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தபடியே இருக்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக விலை கேட்டு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தவர்கள். அவர்கள் பொருத்திய விதத்தில் பெரிய குறை இருப்பதில்லை. கோளாறு வந்த பிறகு பதறிப்போய்ச் செய்கிற காரியங்கள்தான் செலவை இழுத்துவிடுகின்றன.

தூசி, தெர்மல் பேஸ்ட், தளர்ந்த கேபிள் இவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

எடுத்தவுடன் ஃபார்மேட் போடுவது

"ஒரு தடவை ஃபார்மேட் போட்டுப் பாரேன்." இந்த யோசனையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அது வேலைக்கு ஆகாது என்பதற்காக மட்டும் அல்ல. இருக்கிற தடயத்தையும் அழித்து, சில சமயம் திரும்பக் கிடைக்காத ஃபைல்களையும் கெடுத்துவிடும்.

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற ஒரு தம்பியின் சிஸ்டம் அடிக்கடி நீலத்திரை காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எரர். யாரோ ஃபார்மேட் போடச் சொன்னார்கள். பொறுப்பான பையன், அதற்கு முன் எல்லாப் படங்களையும் அதே கம்ப்யூட்டரில் இருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்தான். பிறகு ஃபார்மேட். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போதே, ஃபைல் கெட்டுவிட்டது என்று பாதியில் நின்றது. அதன் பிறகுதான் என்னிடம் வந்தான்.

அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்தேன். முகூர்த்தப் படம் ஒன்று. மேலே பந்தல், தோரணம், மணமக்களின் முகம் எல்லாம் தெளிவு. மாலை தொடங்கும் இடத்தில் ஒரு கோடு விழுந்து, அதற்குக் கீழே படம் முழுக்க இளஞ்சிவப்பு. ஜேபெக் ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினால் போதும், அந்த இடத்துக்குப் பிறகு வரும் நிறமெல்லாம் தடம் மாறிவிடலாம். அதைப் போல இன்னும் பல படங்கள் இருந்தன. மெமரி கார்டுகளை எப்போதோ அழித்து, அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கெட்டிருந்தது ரேம். காப்பி செய்யும்போது ஒவ்வொரு ஃபைலும் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வந்து, அங்கிருந்துதான் அடுத்த டிஸ்க்குக்குப் போகிறது. வழியில் பிட் மாறினால் சாதாரண ரேமுக்கு அது தெரியாது, விண்டோஸும் எச்சரிக்காது. காப்பி முடிந்தது என்றுதான் சொல்லும். ரேம் ஸ்டிக்குக்கு வாரன்டி இருந்தது, புதிது கிடைத்துவிட்டது. படங்கள் கிடைக்கவில்லை.

அதனால் சிஸ்டம் தள்ளாடத் தொடங்கினால் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் ரேமைச் சோதியுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) போய், ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ செட்டிங்கை அணையுங்கள். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும் டிடிஆர்5 ரேம், அதை அணைத்தால் பெரும்பாலும் 4800-இல் ஓடும். அந்த 6000 ஓவர்கிளாக் வேகம், அதாவது வழக்கமான வேகத்தை மீறியது. உங்கள் பிராசஸரும் போர்டும் அதைத் தாங்கியே ஆகும் என்று யாரும் உறுதி தரவில்லை. அணைத்த பிறகு, வேறு கம்ப்யூட்டரில் தயாரித்த பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலைப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு எரர் வந்தாலும் அது தோல்விதான். "ஒண்ணுதானே சார்" என்பார்கள். அந்த ஒன்று உங்கள் ஃபைலில் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? எரர் வந்தால் ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, மற்றதை ஏ2 ஸ்லாட்டில் போட்டுத் தனியாகச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது அது. இரண்டு ஸ்டிக்கும் தேறி, எக்ஸ்எம்பி போட்டால் மட்டும் எரர் வருகிறதா? பெரும்பாலும் ரேம் கெடவில்லை, வேகம்தான் அதிகம். 6000-ஐ 5600 ஆக்கிப் பாருங்கள்.

டேட்டாவை எடுத்தே ஆகவேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள். அப்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு பதிவு அதில் இருக்கும். ஃபார்மேட் போட்டவர்கள் தொலைக்கும் முதல் பொருள் அதுதான்.

ஒரே நாளில் நாலு மாற்றம்

சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இவென்ட் 41 பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்குவது

விண்டோஸின் இவென்ட் வியூவரில் வரும் கெர்னல் பவர் 41 என்ற பதிவில் "பவர்" என்று இருப்பதால் பலர் அன்றைக்கே புது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) வாங்கிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறு எதையும் சொல்வதில்லை. உள்ளே பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கும். அது பூஜ்ஜியம் இல்லை என்றால் நீலத்திரை வந்திருக்கிறது, மினிடம்பைப் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் கரன்ட் அறுந்திருக்கலாம், சிஸ்டம் அப்படியே உறைந்து நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். ஹார்டுவேர் பிழைகளைக் குறித்துவைக்கும் வீயா லாக்கர் (WHEA-Logger) பதிவுகள் பக்கத்தில் இருந்தால் ஹார்டுவேர் தன் பிழையைத் தானே சொல்கிறது. அதை முதலில் படியுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளைப் புதியதில் செருகுவது

வேண்டவே வேண்டாம். செருகுகிற முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். டிஸ்க் எரிந்துபோகலாம்.

இன்வெர்டரைக் கணக்கில் எடுக்காதது

கரன்ட் போகிற நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் கேபினட்டைத் திறக்கவே வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்டர் சாதாரண மோடில் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். இன்வெர்டரின் பின்பக்கத்தில், வேகமாக மாற வைக்கும் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் மேல் பழி போடுவது

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருந்த பலருக்கு, கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று எரர் வந்தது. கார்டை மாற்றியும் தீரவில்லை. கெட்டுக்கொண்டிருந்தது பிராசஸர். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு அது தன்னையே தேய்த்துக்கொள்கிறது என்று 2024-இல் தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் பயாஸ் அப்டேட் வழியாக வந்தன. பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு வாரன்டியை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதை மீட்காது. அந்த வரிசைப் பிராசஸர் என்றால் கார்டை விற்கும் முன் பில்லைத் தேடி எடுங்கள், பயாஸை அப்டேட் செய்யுங்கள். அப்டேட் செய்யும்போது எக்ஸ்எம்பி அணைந்திருக்கட்டும்.