ஏற்காட்டுப் பாறைகளை ஒரே நாளில் நடந்து பார்க்க

சேலத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் என்பதால் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

முதலில் பகோடா பாயிண்ட். கல்மேல் கல்லாக நிற்கும் குவியல்களில் தயவுசெய்து ஏறாதீர்கள். அப்புறம் லேடீஸ் சீட், இயற்கையாகவே இருக்கை மாதிரி அமைந்த பாறை, கீழே சேலம் மொத்தமும் தெரியும். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். 1,600 மீட்டருக்கு மேல் என்பதால் காற்று பலமாக வீசும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளியூர் அருவிக்கு நல்ல தெம்பு வேண்டும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, திரும்பி ஏறும்போதுதான் முட்டி கெஞ்சும், அதனால் வயதானவர்களை மேலேயே உட்காரவையுங்கள். ஈரப் பாறையில் கரும்பச்சையாகப் படிந்திருப்பது பாசி, அதில் காலே வைக்காதீர்கள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் அருவியை விட்டுவிடுங்கள்.