ஆப்பிளின் எம் (M) வரிசை மேக்கில் சாலிட்வொர்க்ஸ்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

மெக்கானிக்கல் படிப்பில் சேர்ந்தவர் கையில் மேக்புக் இருந்தால், கணினியில் வடிவமைக்கும் ‘கேட்’ (CAD) பாடத்தின் முதல் வகுப்பு வந்ததுமே, அதற்கான சாலிட்வொர்க்ஸ் மேக்கில் ஓடுமா என்ற கேள்வி எழும். சாலிட்வொர்க்ஸ் 1995இல் வெளிவந்ததிலிருந்தே விண்டோஸுக்கு மட்டுமான மென்பொருள். மேக்கில் நேரடியாக நிறுவ வழியில்லை. ஆனால் மேக்குக்குள் ஒரு விண்டோஸை ஓடவிட்டு, அதற்குள் சாலிட்வொர்க்ஸைப் போடலாம்.

பாடத்தில் வரும் பார்ட்டுகள், சின்ன அசெம்பிளிகள், டிராயிங்குகள் என்றால் இந்த வழி போதும். நூற்றுக்கணக்கான பாகங்கள் உள்ள அசெம்பிளிக்கோ கனமான சிமுலேஷனுக்கோ இது சரிவராது. அதற்குக் கல்லூரி லேப்தான். இன்னொன்று: சாலிட்வொர்க்ஸை வெளியிடும் டஸ்ஸோ சிஸ்டம்ஸ் நிறுவனம் மேக்கில் இப்படி ஓட்டுவதை அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதில்லை. தெரிந்தே இறங்குங்கள்.

படி 1: உங்கள் மேக் தாங்குமா?

ஆப்பிள் மெனுவில் ‘அபவுட் திஸ் மேக்’ திறந்து சிப்பின் பெயரையும் மெமரியையும் பாருங்கள். எம்1, எம்2 என்று எம் வரிசையில் இருந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸை நேரடியாகத் துவக்க உதவிய பூட் கேம்ப் வசதி எம் வரிசையில் கிடையாது.

ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும். 8 ஜிபி மேக்கில் மேக்கும் விண்டோஸும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும், இரண்டுமே திணறும். அப்படியானால் இதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். பிரவுசரிலேயே ஓடும் ஆன்ஷேப் என்ற கேட் மென்பொருள் இருக்கிறது. சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக்கே பின்னாளில் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், மேட் என்று அடிப்படை எல்லாம் அதிலும் கற்கலாம். டிஸ்கில் 100 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பேரலல்ஸும் விண்டோஸும்

மேக்குக்குள் விண்டோஸை ஓடவிடும் மென்பொருள்தான் பேரலல்ஸ் டெஸ்க்டாப். அதை அதன் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். சோதனைக் காலம் இலவசம். அதற்குள் உங்கள் வேலைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிடலாம். மாணவர் விலையும் உண்டு. திறந்ததும் விண்டோஸ் 11ஐ நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும். சம்மதம் சொன்னால் ஆர்ம் (எம் வரிசை சிப்புகளின் வகை) சிப்புக்கான விண்டோஸை இறக்கிப் போட்டுவிடும். விண்டோஸ் உரிமம் தனி. அது பேரலல்ஸ் விலையில் சேராது.

முடிந்ததும் விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டு, பேரலல்ஸின் கான்ஃபிகர் பகுதியில் ஹார்டுவேருக்குப் போய் 4 கோர், 8 ஜிபி மெமரி கொடுங்கள். மேக்குக்கும் பாதி மிஞ்ச வேண்டும், அதனால் 16 ஜிபி மேக்கில் இதற்கு மேல் போகாதீர்கள்.

படி 3: ஃபைல் எங்கே இருக்க வேண்டும்?

பலரும் தவறவிடும் இடம் இது. பேரலல்ஸ் உங்கள் மேக்கின் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் விண்டோஸுக்குள் அப்படியே காட்டும். பார்க்க வசதிதான். ஆனால் விண்டோஸைப் பொறுத்தவரை அது நெட்வொர்க் வழியாக எட்டும் இடம். அசெம்பிளியைத் திறக்கும்போது சாலிட்வொர்க்ஸ் ஒவ்வொரு பார்ட் ஃபைலையும் தேடிப் போவதால் வேகம் படுத்துவிடும். அந்தக் கோப்புறை ஐகிளவுடிலும் சிங்க் ஆகிறது என்றால் இன்னும் மோசம்.

எனவே கான்ஃபிகரில் ஷேரிங் பகுதிக்குப் போய் மேக் கோப்புறைகளைப் பகிர்வதை நிறுத்துங்கள். விண்டோஸின் சி டிரைவிலேயே ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லா வேலையையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதை மட்டும் வெளியே நகலெடுத்தால் போதும்.

படி 4: சாலிட்வொர்க்ஸை நிறுவுதல்

கல்லூரி தந்த சீரியல் எண்ணோடு இன்ஸ்டலேஷன் மேனேஜரை விண்டோஸுக்குள் ஓட்டுங்கள். எல்லாவற்றையும் டிக் செய்ய வேண்டாம். அடிப்படை சாலிட்வொர்க்ஸ் மட்டும் போதும். எலக்ட்ரிக்கல் போன்றவற்றை எடுத்துவிடுங்கள்: அவற்றுக்கு எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள் தேவை, அது ஆர்ம் விண்டோஸில் ஆதரிக்கப்படுவதில்லை.

ஆர்ம் விண்டோஸ், இன்டெல் சிப்புக்கு எழுதிய நிரல்களை அந்தந்த நேரத்தில் மாற்றி ஓட்டுகிறது. ஆனால் டிரைவர்களை அப்படி மாற்றாது. அதனால் டிரைவர் தேவைப்படும் யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகக் கணினியில் செருகும் சாவி) உரிமத்தை நம்பி இருக்காதீர்கள்.

நிறுவி முடித்து, ஒருமுறை திறந்து மூடியபின் பேரலல்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். பின்னால் ஏதாவது அப்டேட் கெடுத்தால் இந்த நிலைக்கே திரும்பலாம்.

படி 5: திரை கலங்கினால்

மாதிரியின் விளிம்புகள் மறைவது, சுற்றும்போது கறுப்புப் பட்டை தெரிவது எல்லாம் கிராபிக்ஸ் கோளாறு. திறந்திருக்கும் ஃபைல்களை எல்லாம் மூடுங்கள். மூடாவிட்டால் அடுத்து சொல்லும் தெரிவை மாற்ற முடியாது. பிறகு ஆப்ஷன்ஸில் பெர்ஃபார்மன்ஸுக்குப் போய் ‘யூஸ் சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல்’ என்பதை டிக் செய்யுங்கள். வேகம் குறையும், ஆனால் படம் ஒழுங்காக வரும். மாதிரியை நிஜப் பொருள்போலக் காட்டும் ரியல்வியூ பளபளப்பு வரவில்லையே என்று தேட வேண்டாம். அதற்குச் சான்றளிக்கப்பட்ட கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

அப்புறம், நடுச்சக்கரம் உள்ள ஒரு சாதாரண மவுஸ் வாங்கிவிடுங்கள். சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்தால் மாதிரி சுழலும், கண்ட்ரோலோடு இழுத்தால் நகரும். டிராக்பேடில் இதைச் செய்து பழகுவது வீண் சிரமம்.

நிறுவும் பதிப்பும் கல்லூரி லேப் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழையது நேரடியாகத் திறக்காது. 2024 முதல் பழைய பதிப்புக்குச் சேமிக்கும் வசதி வந்திருந்தாலும், அதுவும் இரண்டு பதிப்பு பின்னால் வரைதான். சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்பே ஒரு ஃபைலை லேப் கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.