கிளாசிக் ஹார்ட் ராக் சவுண்டுக்குப் பிக்கப் வாங்கும்போது தவிர்க்க வேண்டியவை

"ஹார்ட் ராக் வாசிக்கணும், இருப்பதிலேயே பவரான ஹம்பக்கர் எது?" கிட்டாரில் பிக்கப் மாற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். (பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும். இரைச்சலைத் தவிர்க்க இரண்டு சுருள் வைத்தது ஹம்பக்கர், ஒரே சுருள் உள்ளது சிங்கிள் காயில்.) கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. நாம் கிளாசிக் என்று கொண்டாடும் அந்த கிட்டார் ஒலிகளில் பெரும்பகுதி, இன்றைய கணக்கில் 'மைல்டு' என்று ஒதுக்கப்படும் பிக்கப்களில் இருந்து வந்தவை.

ஏசி/டிசி-யையே எடுத்துக்கொள்வோம். அந்த இசைக்குழுவின் முதுகெலும்பாக இருந்த ரிதம் கிட்டாரை வாசித்தவர் மால்கம் யங். அவர் கையில் இருந்தது 1963-இல் செய்யப்பட்ட கிரெட்ஷ் ஜெட் ஃபயர்பேர்ட். நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஃபில்டர்ட்ரான் என்ற ஒரே ஒரு கிரெட்ஷ் பிக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டார். ஃபில்டர்ட்ரான் மிதமான சிக்னல் தரும் பிக்கப்தான். ராக்கபில்லி (ஆரம்பகால ராக் அண்ட் ரோல் வகை) வாசிப்பவர்கள் விரும்பித் தேடும் பிக்கப் அது. பக்கத்தில் நின்ற அங்கஸ் யங்கின் எஸ்.ஜி. கிட்டாரில் இருந்தவையும் சாதாரண கிப்ஸன் ஹம்பக்கர்கள்தான். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் பதிவாகும்போது டோனி அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப் மக்கர் செய்தது. உடனே கையில் இருந்த எஸ்.ஜி.க்கு மாறினார். அதில் இருந்தது பி-90, அதாவது 1940களின் சிங்கிள் காயில். டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சிங்கிள் காயிலையும் மார்ஷல் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபயரையும்) வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது உலகத்துக்கே தெரியும். 1978-இல் வான் ஹேலனின் முதல் ஆல்பம் வந்தபோது எல்லோரையும் மிரள வைத்த அந்த ஒலியும், ஒரு பழைய கிப்ஸன் இ.எஸ்-335-இல் இருந்து கழற்றிய, பி.ஏ.எஃப் எனப்படும் ஆரம்பகால கிப்ஸன் ஹம்பக்கரில் தொடங்கியதுதான்.

அப்படியானால் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது? ஆம்பில் இருந்து. நூறு வாட் மார்ஷலை முழு வால்யூமில் வைத்தால் அதன் பவர் வால்வுகளே திணற ஆரம்பிக்கும், ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்ளும். பிக்கப்பின் வேலை அந்த ஆம்புக்குத் தெளிவான சிக்னலைக் கொடுப்பது மட்டுமே. பிக்கப்பே பருத்த, நசுங்கிய சிக்னலைக் கொடுத்தால் பிளெக்ட்ரம் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சில்லு) ஸ்ட்ரிங்கில் படும் அந்த 'டக்' மறைந்துவிடும். கோர்டு வாசித்தால் ஆறு ஸ்ட்ரிங்கும் ஒரே கூழாகக் கேட்கும். ஹார்ட் ராக் ரிதமில் உயிர் இருப்பது அந்த 'டக்'கில்தான் என்பது என் கட்சி.

இன்னொரு இழப்பும் உண்டு. அந்தக் காலத்து கிட்டாரிஸ்டுகள் பலர் பெடலை மிதித்துச் சேனல் மாற்றவில்லை. கிட்டாரின் வால்யூம் குமிழை ஆறுக்கு இறக்கினால் ஓரளவு கிளீன் (கரகரப்பில்லாத ஒலி), பத்துக்கு ஏற்றினால் லீட் (தனி வாசிப்புக்கான கரகரப்பான ஒலி), அவ்வளவுதான். மிதமான பிக்கப் இதற்கு நன்றாக வளைந்துகொடுக்கும். மிகவும் ஹாட்டான, அதாவது சிக்னலை மிகவும் பலமாகத் தரும் பிக்கப்பில் குமிழை இறக்கினால், அதே அழுக்கு கொஞ்சம் மெதுவாகக் கேட்கும்.

இதற்காக ஹாட் பிக்கப் எல்லாமே தப்பு என்று சொல்லவில்லை. 1972-இல் லாரி டிமார்ஜியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற ஹாட் பிக்கப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது பெரும்பாலான ஆம்ப்களில் தனியாக மாஸ்டர் வால்யூம் (கரகரப்பைக் குறைக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது. ஆம்பின் முன்பகுதியை வம்படியாகத் தள்ளினால்தான் டிஸ்டார்ஷன் கிடைக்கும். செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றுகளும் அதற்காகத்தான். கிஸ் இசைக்குழுவின் ஏஸ் ஃப்ரேலி போன்றவர்களின் ஒலி உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாக அந்தப் பக்கம் போகலாம். ஆனால் உங்கள் ஆம்பிலோ பெடலிலோ தேவைக்கு மேல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) இருக்கும்போது ஹாட் பிக்கப்பையும் போடுவது, உப்புப் போட்ட ரசத்தில் இன்னொரு கை உப்பை அள்ளிப் போடுவதுதான்.

ஓம் கணக்கை மட்டும் பார்ப்பது

விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்: 8 கிலோ ஓம், 13.7 கிலோ ஓம், 16.4 கிலோ ஓம். எண் பெரிதானால் பவரும் பெரிது என்று எடுத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் அந்த எண் சொல்வது சுருளில் உள்ள செப்புக் கம்பியின் மின்தடையை மட்டுமே. கம்பி மெலிதானால் அதே நீளத்துக்கே தடை கூடும். பழைய ஹம்பக்கர்களில் இருப்பது 42 கேஜ் கம்பி (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிது). அதே நீளத்தை 44 கேஜில் சுற்றினால், ஒரு சுற்றுகூட அதிகமாகாமலேயே ஓம் கணக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் காட்டும். செய்மோர் டங்கனின் ஜே.பி. மாடல் ஏறத்தாழ 16.4 கிலோ ஓம், சூப்பர் டிஸ்டார்ஷன் ஏறத்தாழ 13.7. அதை வைத்து ஜே.பி.தான் முரடு என்று முடிவுகட்டினால் ஏமாந்து போவீர்கள். காந்தமும் கம்பியின் தடிமனும் வேறு வேறாக இருக்கும்போது இரண்டு எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே கம்பெனி, ஒரே வகைக் கம்பி, ஒரே காந்தம் என்றால் ஒப்பிடலாம்.

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு "பெட்டியில் 8.2 போட்டிருந்தது, எனக்கு 8.5 காட்டுகிறதே, டூப்ளிகேட்டா?" என்று பதறுபவர்களும் இருக்கிறார்கள். செம்பின் மின்தடை வெப்பத்தோடு ஏறும், பத்து டிகிரிக்கு கிட்டத்தட்ட நான்கு சதவீதம். ஏசி அறையில் அளந்த பிக்கப்பைச் சென்னையின் மே மாதத்தில் அளந்தால் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும்.

முடிந்தால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல்) எண்ணைப் பாருங்கள். அது ஹென்றி என்ற அலகில் இருக்கும். பி.ஏ.எஃப் வகை நாலு ஹென்றியை ஒட்டி இருக்கும். ஹாட் வகை ஏழு, எட்டு என்று போகும். எண் ஏற ஏற ஒலி பருத்து, மேல் ஸ்தாயி மங்கும். ஓமைவிட இது உண்மையான தகவல். எல்லாக் கம்பெனியும் வெளியிடுவதில்லை என்பதுதான் வருத்தம்.

'பி.ஏ.எஃப்' என்ற பெயரை நம்புவது

கிப்ஸனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் 1957-இல் லெஸ் பால் கிட்டார்களில் வந்தது. அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற ஸ்டிக்கர். அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள்தான் பி.ஏ.எஃப். காப்புரிமை 1959-இல் கிடைத்தது. அதன்பிறகும் சில வருடம் பழைய ஸ்டிக்கரையே ஒட்டினார்கள். கடைசியில் எண் போட்ட ஸ்டிக்கர் வந்தபோது, அதில் இருந்தது பிக்கப்பின் எண்ணே அல்ல, லெஸ் பால் என்ற கிட்டாரிஸ்டின் டெயில்பீஸ் (ஸ்ட்ரிங்குகளைப் பிடித்துவைக்கும் பாகம்) காப்புரிமை எண்! போட்டியாளர்களைக் குழப்பத்தான் அப்படிச் செய்தார்கள் என்று பலர் சொல்வார்கள். வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம்.

சொல்ல வந்தது என்னவென்றால், அசல் பி.ஏ.எஃப்களே ஒன்றுபோல் ஒன்று இருக்கவில்லை. கையிருப்பில் எந்த வகை அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை) காந்தம் இருந்ததோ அதைப் போட்டார்கள். சுற்றுகளின் எண்ணிக்கையும் பிக்கப்புக்குப் பிக்கப் மாறியது. ஏழரையில் இருந்து ஒன்பது கிலோ ஓம் வரைக்கும் பார்க்கலாம். ஆகவே இன்று ஒரு பெட்டியில் 'பி.ஏ.எஃப் ஸ்டைல்' என்று இருந்தால் அது ஒரு வகையின் பெயர் மட்டுமே. உள்ளே அல்னிகோ 2 இருந்தால் கொஞ்சம் மிருதுவாக, நடு ஸ்தாயி முன்னால் வரும். அல்னிகோ 5 இருந்தால் பாஸ் இறுக்கமாகவும் ட்ரெபிள் கூர்மையாகவும் இருக்கும். பெயரை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

சுருள் அதிராமல் இருக்க மெழுகு ஊற்றியதா என்பதையும் கேட்க வேண்டும். அசல் பி.ஏ.எஃப்களில் மெழுகு கிடையாது. அதைத்தான் பழமை விரும்பிகள் 'காற்றோட்டமான ஒலி' என்று புகழ்கிறார்கள். சின்ன அறையில் ஆம்ப் பக்கத்தில் நின்று கெயினை ஏற்றினால் அதே பிக்கப் விசிலடிக்கும். எடி வான் ஹேலன் தன் பிக்கப்பைப் பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தது இதற்காகத்தான். ஹார்ட் ராக்குக்கு மெழுகு ஊற்றியதையே வாங்குங்கள். நீங்களே வீட்டு அடுப்பில் செய்து பார்க்கக் கிளம்ப வேண்டாம். மெழுகு எளிதில் தீப்பிடிக்கும், சூடு கொஞ்சம் கூடினாலும் சுருள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

ஹீரோவின் பிக்கப்பை மட்டும் வாங்குவது

1987-இல் வந்த கன்ஸ் என் ரோஸஸின் முதல் ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்தது கிப்ஸனே அல்ல. லெஸ் பாலைப் பார்த்து ஒரு கைவினைஞர் செய்த கிட்டார். அதில் செய்மோர் டங்கனின் அல்னிகோ 2 ப்ரோ. அந்தப் பிக்கப்பை இன்று யாரும் வாங்கலாம், நல்ல பிக்கப்பும்கூட. ஆனால் அந்த ஒலியில் கனமான மஹோகனி உடலுக்கும் மார்ஷலுக்கும் உள்ள பங்கை ஒரு பெட்டிக்குள் அடைத்து விற்க முடியாது. அங்கஸ் யங் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் பயன்படுத்திய ஷாஃபர்-வேகா வயர்லெஸ் கருவி, சிக்னலை அழுத்தி, உந்தித்தான் ஆம்புக்கு அனுப்பியது. ஸ்டூடியோவிலும் அதை வைத்துக்கொண்டார். எஸ்.ஜி.யும் அதே பிக்கப்பும் வாங்கியும் அவர் ஒலி வரவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தக் கருவியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. லெட் ஸெப்பலின் என்றதும் லெஸ் பால் நினைவுக்கு வரும்; முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் டெலிகாஸ்டரைத்தான் வாசித்தார்.

யூடியூப் டெமோவும் இதே ரகம். மைக், அறை, வாசிப்பவரின் கை எல்லாம் சேர்ந்துதான் கேட்கிறது. ஒரே ஆள் ஒரே கிட்டாரில் இரண்டு பிக்கப்பை மாற்றி மாற்றி வாசித்தால் மட்டும் கொஞ்சம் நம்பலாம்.

கிட்டாரையும் உள் வயரிங்கையும் மறப்பது

உங்கள் கிட்டார் ஏற்கெனவே கணீரென்று கூர்மையாக ஒலிக்கிறதா? மேப்பிள் நெக்கை போல்ட் போட்டுப் பொருத்திய ஸ்ட்ராட் வடிவக் கிட்டார்களில் பிரிட்ஜ் பக்கம் அப்படித்தான் இருக்கும். அதில் ட்ரெபிள் தூக்கலான பிக்கப்பைப் போட்டால் காதைக் குத்தும். அங்கே நடு ஸ்தாயி தடித்த பிக்கப் பொருந்தும். இருண்ட ஒலியுள்ள கனத்த லெஸ் பால் என்றால் கணக்கு தலைகீழ்.

நெக்கையும் பிரிட்ஜையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தொல்லை. நெக் பக்கம் ஸ்ட்ரிங்கின் அசைவு பெரிது, அதனால் ஒரே பிக்கப்பை இரு பக்கமும் போட்டாலும் நெக்தான் சத்தமாகக் கேட்கும். பிரிட்ஜில் கொஞ்சம் அதிகமாகச் சுற்றியது, நெக்கில் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது என்று ஜோடியாகவே வாங்கிவிடுவது நல்லது.

காசு வீணாகும் இடம் பாட்கள், அதாவது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொருள்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வழக்கம், ஸ்ட்ராட் சிங்கிள் காயிலுக்கு 250. மூன்று சிங்கிள் காயில் இருந்த கிட்டாரில் பிரிட்ஜில் ஹம்பக்கரைப் போட்டுவிட்டு 250-ஐ அப்படியே விட்டால், போர்வை போர்த்திய மாதிரிக் கேட்கும். பழி பிக்கப் மேல் விழும். உண்மையில் குறைந்த மதிப்புள்ள பாட் மேல் ஸ்தாயியைத் தின்கிறது. நீளமான கேபிளும் அதையே செய்யும். ஒரு மீட்டருக்குச் சுமார் நூறு பிக்கோஃபாரட் மின்தேக்கம் என்று அது சேர்த்துக்கொண்டே போகும். ஆறு மீட்டர் கேபிளை மூன்றுக்கு மாற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வயர் நிறங்களில் கவனம் தேவை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செய்மோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வயர்), பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேரும். டிமார்ஜியோவில் சிவப்பு ஹாட், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் சேரும். ஒரு கம்பெனியின் வரைபடத்தைப் பார்த்து இன்னொரு கம்பெனியின் பிக்கப்பை சால்டர் செய்தால் ஒலி மெலிந்து, மூக்கடைத்த மாதிரி வரும், அல்லது ஒன்றுமே வராது. இரண்டு கம்பெனிப் பிக்கப்பை ஒரே கிட்டாரில் போடுகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

உயரத்தைத் தொடாமலேயே பிக்கப்பை மாற்றுவது

கிப்ஸன் சொல்லும் அளவு: கடைசி ஃபிரெட்டில் (நெக்கில் உள்ள உலோகப் பட்டை) ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, பிரிட்ஜ் பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே 1.6 மில்லிமீட்டர், நெக்கில் 2.4. இது தொடக்கம்தான். சத்தம் வேண்டும் என்று பலர் பிக்கப்பை ஸ்ட்ரிங்கில் முட்டும் அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அப்போது ஒலி நசுங்கும். சிங்கிள் காயிலாக இருந்தால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, சுருதியே ஆடும். அரை மில்லிமீட்டர் இறக்கி, அந்த இழப்பை ஆம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். மங்கலாகக் கேட்டது திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிடமும்தான் செலவு.

அதன்பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பிக்கப்பின் வயரைக் குட்டையாக வெட்டிவிடாமல், சால்டரை உருக்கி முழு நீளத்தோடு எடுத்து வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் அசல் பிக்கப் இருக்கிறதா என்று வாங்குபவர் நிச்சயம் கேட்பார்.