அப்பாவின் ஸ்கேனில் தெரிந்த நுரையீரல் முடிச்சு: முதலில் செய்ய வேண்டியது

வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில் "7 மி.மீ. முடிச்சு" (நுரையீரலில் தெரியும் சின்ன உருண்டைப் புள்ளி) என்று வந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். எங்கள் பயத்தைப் பெருமளவு தணித்தது அப்பாவின் பழைய படங்கள்தான். முன்பு எடுத்த மார்பு சிடி, வயிற்று சிடி (அதில் நுரையீரலின் அடிப்பகுதியும் பதிவாகும்) எல்லாவற்றையும் தேடி எடுங்கள். திடமான முடிச்சு இரண்டு ஆண்டுகளாக அளவு மாறாமல் இருந்தால், பெரும்பாலும் அது பழைய தொற்றின் தழும்பு போன்ற தீங்கற்றதுதான்.

அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையில் அளவு, திடமா பனிமூட்டம் போன்றதா, விளிம்பு வழுவழுப்பா முள்முள்ளா, நுரையீரலின் எந்த மடலில் (பகுதியில்) இருக்கிறது என்று பாருங்கள். நுரையீரல் முடிச்சுகளை எப்படிக் கண்காணிப்பது என்று மருத்துவர்கள் பின்பற்றும் 2017 ஃபிளைஷ்னர் சங்க வழிகாட்டுதலின்படி, திடமான ஒற்றை முடிச்சு 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன், 8 மி.மீ.க்கு மேல் என்றால் 3 மாதத்தில் ஸ்கேன், பெட் சிடி (கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) அல்லது பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) பற்றி யோசிப்பார்கள். ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அவசரப்பட்டுப் பெட் சிடி கேட்காதீர்கள். சின்ன முடிச்சை அது தவறவிடும். காசநோய்த் தழும்பையும் சில சமயம் ஒளிரவைத்துப் பீதி கிளப்பும்.

மறு ஸ்கேன் குறைந்த கதிர்வீச்சில், சாய ஊசி இல்லாமல், மெல்லிய வெட்டுகளாக, முடிந்தால் அதே மையத்தில் எடுக்கட்டும். 2 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். இருமலில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு என்றால் தேதிக்காகக் காத்திருக்காமல் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.