மடக்குக் கத்தி எவ்வளவு லேசாகத் திறக்கலாம்? பலரும் செய்யும் தவறுகள்

புது மடக்குக் கத்தி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது திறந்து மூடிப் பார்ப்பதுதான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். "இவ்வளவு காசு கொடுத்தும் நகம் பேர்ந்துடும் போலிருக்கே" என்பார்கள். அன்று சாயங்காலமே ஸ்க்ரூடிரைவரும் எண்ணெயுமாக உட்கார்ந்துவிடுவார்கள். நான் பார்த்தவரை நல்ல கத்திகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த முதல் வாரத்தில்தான்.

லேசாகத் திறப்பது வேறு, சீராகத் திறப்பது வேறு. கத்தியைக் காதருகே வைத்து மெதுவாகத் திறந்து பாருங்கள். நறநறவென்று மண் அரைபடும் சத்தம் கேட்கக் கூடாது. ஓரிடத்தில் இறுகி அடுத்த இடத்தில் நழுவக் கூடாது. பிளேடு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்சுவரை உரசக் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால், திறக்கக் கொஞ்சம் பலம் தேவைப்படுவது குறையே இல்லை. பல கத்திகளில் அந்த இறுக்கம்தான் பாதுகாப்பு.

எல்லாக் கத்தியையும் ஒரே தராசில் நிறுப்பதிலிருந்துதான் மற்றத் தவறுகள் கிளம்புகின்றன. நம் ஊரில் பலருக்கும் தெரிந்த சிவப்பு ஸ்விஸ் கத்தியையே எடுத்துக்கொள்வோம். 1891 முதல் ஸ்விட்சர்லாந்து ராணுவத்துக்குக் கத்தி கொடுத்துவரும் விக்டோரிநாக்ஸ் செய்வது. அதில் பிளேடைத் திறந்த நிலையில் பூட்டி வைக்கும் ஏற்பாடு பெரும்பாலான மாடல்களில் கிடையாது. முதுகுப் பக்கம் இருக்கும் எஃகு ஸ்பிரிங் ஒன்றுதான் பிளேடைப் பிடித்து வைத்திருக்கிறது.

கட்டைவிரல் நகத்தை நகக்குழியில் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் அடம்பிடிக்கும். பிளேடின் அடிப்பகுதி ஸ்பிரிங்கை மேலே தூக்குகிறது, அதன் எதிர்ப்பைத்தான் நம் நகம் உணர்கிறது. நடுவழியில் பிடி தளரும். கடைசியில் ஸ்பிரிங்கே பிளேடை இழுத்துக்கொண்டுபோய் 'டக்' என்று நிறுத்தும். மூடும்போதும் இதே கதைதான், கடைசித் தூரத்தை ஸ்பிரிங் முடித்து வைக்கும். அந்த 'டக்' தெளிவாகக் கேட்டால் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். இந்தக் கத்தி விரல் பட்டதும் திறந்தால், கொய்யாப்பழத்தை அழுத்தி வெட்டும்போது விரல் மேலேயே மடங்கும். புதிதில் இறுக்கமாகத் தெரிவது இருபது முப்பது முறை திறந்து மூடினால் தானே பழகிவிடும். கொறடு வைத்து பிளேடை இழுக்காதீர்கள். பிளேடில் கீறல் விழும், நழுவினால் கையிலும் விழும்.

ஜப்பானின் ஹிகோனோகாமி மடக்குக் கத்தி இதற்கு நேர் மாறு. அதில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரே ஒரு ஆணியின் உராய்வும், பிளேடின் வாலை அழுத்திப் பிடிக்கும் நம் கட்டைவிரலும்தான் அதை நிறுத்துகின்றன. தளர்ந்தால் அந்த ஆணித்தலையைச் சுத்தியால் லேசாகத் தட்டி இறுக்கிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட கத்தியை வழுக்கிக்கொண்டு திறக்க வைப்பது அதன் பிடிமானத்தையே கழற்றுவதற்குச் சமம்.

ஸ்க்ரூ வைத்த நவீன கத்திகளில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. திறந்த கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, பூட்டை விடுவித்தால் பிளேடு தன் எடையிலேயே கீழே விழுந்து மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் தரம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. மூட்டில் பால்பேரிங் வைத்த கத்திகள் சில அப்படி விழும். வெண்கல வாஷர் வைத்தவை பல விழாது, விழவும் வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் உருவாக்கிய செபென்சா என்ற கத்தி (சூலு மொழியில் 'வேலை' என்று பொருள்) கத்தி உலகில் பெரும்பெயர் பெற்றது. அது காற்றாகப் பறந்து திறப்பதற்காகப் பெயர் வாங்கவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவான, கனமான எதிர்ப்போடு நகர்வதைத்தான் அதை வைத்திருப்பவர்கள் புகழ்கிறார்கள்.

விழ வைப்பதற்காக, பிளேடு சுழலும் மூட்டிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தினால் என்ன ஆகிறது? பிளேடு பக்கவாட்டில் ஆடும். பல கத்திகளில் பிளேடைப் பூட்டும் பட்டையில் கடுகளவு ஒரு குண்டு இருக்கும். மூடியிருக்கும்போது அது பிளேடில் உள்ள சிறு குழியில் உட்கார்ந்து, பிளேடு தானாக வெளியே வராமல் பிடித்திருக்கும். ஸ்க்ரூ தளர்ந்தால் அந்தக் குண்டின் பிடியும் தளரலாம். பிறகு கால்சட்டைப் பையில் கைவிடும்போது பாதி திறந்த பிளேடு காத்திருக்கும்.

சரி செய்ய ஒரு வழி: பிளேடைத் திறந்து, முதுகுப் பக்கமாகப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது நிற்கும்வரை இறுக்குங்கள். நின்ற இடத்தில் பிளேடு நகரவே சிரமப்பட்டால், கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் தூரம் மட்டும் பின்னால் திருப்புங்கள். மறுபடி அசைத்துப் பார்த்து, ஆட்டம் திரும்பாத இடத்தில் நிறுத்துங்கள். சிரமம் அதற்கு மேலும் இருந்தால் குற்றம் ஸ்க்ரூவில் இல்லை, உள்ளே இருக்கும் அழுக்கில் இருக்கும்.

அழுக்கென்றதும் எண்ணெய் விடுவது அடுத்த தவறு. இதில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு கோடையில் தினமும் மாம்பழம் நறுக்கிய கத்தி மெல்ல இறுகியது. துடைத்து வைத்தேனே தவிரக் கழுவவில்லை. சமையலறையில் கைக்கெட்டிய நல்லெண்ணெயை நாலு சொட்டு விட்டேன். அன்றைக்கு அருமையாகத் திறந்தது. ஒரு மாதம் கழித்து எடுத்தால் அசையவில்லை. மூட்டில் பழுப்பாக, வார்னிஷ் பூசியது போல ஒரு படலம். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் காற்றுபட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். வெயில் நாளில் முறுக்குச் சுட்ட வாணலியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்குமே, அதே பிசின்தான். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உறைந்து கத்தியையும் சேர்த்து உறைய வைக்கும்.

முதலில் கழுவ வேண்டும். ஸ்விஸ் கத்தி போல உலோகமும் பிளாஸ்டிக்கும் மட்டும் உள்ளதென்றால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்து, நீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை கவனமாகத் திறந்து மூடுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூட்டைத் தேயுங்கள். பையிலிருந்து சேர்ந்த பஞ்சு, பழச்சாறு எல்லாம் கறுப்பாக இறங்கும். பலமுறை இதிலேயே வேலை முடிந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகு, தையல் மெஷின் எண்ணெயில் பல்குத்தும் குச்சியை முக்கி, மூட்டில் ஒரே ஒரு சொட்டு. பழம், காய் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, வாடையும் இராது. வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே பஞ்சைப் பிடித்து வைக்கும். டபிள்யூடி-40 ஸ்பிரே அழுக்கைக் கரைக்க உதவும், ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

மரக் கைப்பிடிக் கத்தியை மட்டும் நீரில் முக்காதீர்கள். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய ஒப்பினெல் கத்தி இதற்குச் சரியான உதாரணம். வழக்கமான மாடலில் பீச் மரக் கைப்பிடியில் ஒரு வெட்டு, அதற்குள் பிளேடு. ஈரம் பட்டால் மரம் உப்பி பிளேடைக் கவ்விக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என் ஒப்பினெல் இரண்டு விரலாலும் திறக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. சிலர் பொறுமையிழந்து அந்த வெட்டை உப்புத்தாளால் தேய்த்து அகலமாக்குகிறார்கள். மழைக்காலத்துக்கு அது சரியாக இருக்கும். சித்திரையில் மரம் வற்றியதும் பிளேடு தொளதொளவென்று ஆடும். தேய்த்த மரம் திரும்ப வராது.

சவோய்க்காரர்களே இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒப்பினெல்லில் 1955-இல் வந்த, பிளேடைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் அடிமுனையைக் கெட்டியான பரப்பில் சட்டென்று ஒரு தட்டு. பிளேடின் முனை எட்டிப் பார்க்கும், பிறகு இரண்டு விரலால் இழுத்துவிடலாம். 'சவோயார்ட் தட்டு' என்றே அதற்குப் பெயர். அதற்கும் மசியாவிட்டால் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மரம் வெடிக்கும்.

மணிக்கட்டை உதறி பிளேடை 'சடக்'கென்று திறந்து காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒவ்வொரு உதறலும் பூட்டையும், திறந்த பிளேடை நிறுத்தும் தடுப்பு ஊசியையும் இடிக்கிறது.

என் அப்பாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. ஸ்விஸ் கத்தியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கேட்டார். பித்தளை ஆணி அடித்து மூடிய கத்தி அது, தளர்த்த ஸ்க்ரூ கிடையாது. நான் ஒப்பினெல் எட்டாம் எண்ணை வாங்கிக் கொடுத்தேன். நகத்தால் நெம்பாமல், பிளேடின் முதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளிப் பிடித்துத் திறக்கிறார். வளையத்தைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு மத்தியானம் கொய்யா நறுக்குகிறார். மழை பிடித்துவிட்டால் மட்டும் திண்ணையில் ஒரு தட்டுச் சத்தம் கேட்கும்.