குட்டி வருமுன் செலவுக் கணக்கு

ஏற்காட்டில் நாய்க்குட்டி வளர்க்கப் போகிறீர்களா? முதலில் தடுப்பூசிக்குப் பணம் எடுத்து வையுங்கள். 6–8 வார வயதில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகள். வெறிநோய் ஊசி 3 மாதத்துக்கு மேல், அப்புறம் வருடா வருடம். நடுநடுவே குடற்பூச்சி மருந்து.

சாப்பாடு பெரிய செலவில்லை. சோறு, நாமக்கல் முட்டை, கோழி. வெங்காயம் சேர்க்காதீர்கள்.

மாதச் செலவுக் கணக்கில் உண்ணி மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். காப்பித் தோட்டத்தில் ஓடிவிட்டு வரும் குட்டியின் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் மிளகு போல ஒட்டியிருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ் என்று செலவு எகிறும், பாவம் அதுவும் துவண்டுவிடும்.

மாதம் 500 ரூபாய் தனி டப்பாவில் போடுகிறேன். ராத்திரியில் அவசரமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகக் கார் வாடகையும் அதிலிருந்துதான்.